ஸ்பெல்பிரேக்: முதல் வாரத்து மதிப்பெண்களும் அதன் பிறகு நடந்ததும்

2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை விதித்தபோது அந்தப் பட்டியலில் பப்ஜி மொபைலும் இருந்தது. பொது முடக்கத்தில் கல்லூரியும் வேலையும் நின்றுபோய், கோபியிலிருந்து பொள்ளாச்சி வரை திண்ணைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்த பையன்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மறுநாள், செப்டம்பர் 3ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த புரோலிடேரியட் என்ற சிறிய நிறுவனம் ஸ்பெல்பிரேக் என்ற பேட்டில் ராயல் விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசி அணியாக உயிரோடு நிற்க வேண்டும் என்ற விதி பப்ஜியில் உள்ளதுதான். ஆனால் இதில் துப்பாக்கி என்று ஒன்றே கிடையாது, இரண்டு கைகளிலும் மாயக் கையுறைகள்தான். கணினியிலும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டென்டோ ஸ்விட்ச் ஆகியவற்றிலும் வந்த அந்த விளையாட்டு கைப்பேசிக்கு வரவேயில்லை. ஆகையால், பப்ஜிக்கு மாற்றுத் தேடி அலைந்த எங்கள் பகுதிக் கூட்டம் ஃப்ரீ ஃபயர் பக்கம் போய்விட்டது; ஸ்பெல்பிரேக் என்று ஒன்று வந்ததே இங்குப் பெரும்பாலோருக்குத் தெரியாது.

அப்போது ஈரோட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அலுவலகக் கணினி அல்லாமல் சொந்தமாக ஒரு கணினியும், இரவில் வேலை முடிந்தபின் மிஞ்சும் நேரமும் இருந்தன. அந்த நாட்களில் ஸ்பெல்பிரேக் பற்றி வந்த விமர்சனங்களில் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் படித்துவிட்டு, விளையாட்டையும் தொடர்ந்து ஆடி வந்தேன். அண்மையில், பெருந்துறையில் பொறியியல் படிக்கும் அக்கா மகன் அந்தப் பழைய விமர்சனங்களில் சிலவற்றைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டான்: "எல்லாரும் நல்லாருக்குதுன்னுதானுங்க மாமா எழுதியிருக்கறாங்க, அப்பறம் எதுக்குங்க இழுத்து மூடுனாங்க?" போகிற போக்கில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது தோன்றவில்லை. விமர்சகர்கள் பாராட்டியதும் சரி, குறை சொன்னதும் சரி என்பதே என் எண்ணம். அப்படி இருந்தும் விளையாட்டின் தலைவிதியை முடிவு செய்த ஒன்று அவர்கள் கண்ணில் படவில்லை, படுவதற்கு வழியும் இருக்கவில்லை.

பாராட்டை முதலில் பார்ப்போம். நெருப்பு, பனி, மின்னல், காற்று, கல், நஞ்சு என ஆறு வகைக் கையுறைகள். ஆட்டம் தொடங்கும்போது அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறோம், அது கடைசி வரை ஒரு கையில் நிற்கும். மறு கைக்கான கையுறையைக் களத்தில் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கையுறைக்கும் அடிக்கடி வீசக்கூடிய சாதாரண மந்திரம் ஒன்றும், ஒருமுறை ஏவினால் மறுபடி ஏவச் சிறிது காத்திருக்க வேண்டிய பெருமந்திரம் ஒன்றும் உண்டு. இவை ஒன்றோடொன்று கலக்கும் என்பதுதான் விளையாட்டின் உயிர். நச்சுப் புகையில் தீ பட்டால் புகை முழுவதும் வெடித்து எரியும், மின்னல் பட்டால் புகைக்குள் மின்சாரம் பாயும். சுழல்காற்றில் தீயை விட்டால் தீச்சூறாவளி எழும். விமர்சனங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கலப்பைத்தான் முதல் பத்தியில் வைத்துப் பேசின. பேசியதில் மிகையில்லை.

ஒரு சண்டையைச் சொன்னால் விளங்கும். இடிந்த கோபுரம் ஒன்றுக்குள் எதிரணியின் மூவரும் பதுங்கியிருந்தார்கள், வாசல் ஒன்றுதான். நான் நச்சுப் புகையை வாசலுக்குள் விட்டேன். பச்சைப் புகை படிக்கட்டு வரை நிறைந்தது. என் அணியைச் சேர்ந்த ஒருவர் அதில் நெருப்புக் கோளத்தை எறிந்த அந்தக் கணத்தில், உள்ளேயிருந்த ஒருவர் காற்றுக் கையுறையால் சுழலை எழுப்பினார். எரியத் தொடங்கியிருந்த புகை சுழலோடு சேர்ந்து வாசலுக்கு வெளியே எங்கள் மேலேயே திரும்பி வந்தது. நாங்கள் வைத்த தீயில் நாங்களே சிக்கி, மூவரில் இருவர் விழுந்தோம். எவரும் எழுதிவைத்துத் திட்டமிடாத இப்படியொரு திருப்பம் துப்பாக்கிச் சண்டையில் கிடைப்பது அரிது. அதை முதல் நாளிலேயே அனுபவித்த ஒரு விமர்சகர் சற்று மகிழ்ச்சி மிகுந்து எழுதியிருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்துப் பாராட்டப்பட்டது தோற்றம். கையால் வண்ணம் தீட்டியது போன்ற மலைகளும் வானமும் நின்டென்டோவின் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' விளையாட்டை நினைவூட்டுவதாகப் பலரும் எழுதினார்கள். அந்த ஒப்பீடு இயல்பானதுதான் என்றாலும், ஒருவர் எழுதியதையே மற்றவர்களும் எழுதியபோது கொஞ்சம் அலுப்புத் தட்டியது. பணம் கொடுத்து வாங்குபவை உடையும் அலங்காரமும் மட்டுமே என்பதும், எந்தக் கருவியில் ஆடினாலும் எல்லோரும் ஒரே களத்தில் சேர்ந்து ஆடலாம், ஒன்றில் சேர்த்த முன்னேற்றம் மற்றொன்றிலும் தொடரும் என்பதும் நியாயமாகவே பாராட்டப்பட்டன. ஸ்விட்ச் கருவியில் படத்தின் தெளிவும் ஓட்டமும் குறைந்திருந்தன என்ற புகாரும் நியாயமானதே.

பெரிய குறையாகச் சொல்லப்பட்டது வேறொன்று. சரக்கு போதாது, ஆட்ட முறைகள் குறைவு, நிலப்பரப்பு அழகாக இருந்தாலும் வெறிச்சோடிக் கிடக்கிறது, சில நாட்கள் ஆடினால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுகிறது என்ற பொருளில் பலரும் எழுதினார்கள். பல மந்திரங்கள் ஒரே இடத்தில் வெடிக்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை என்பது இன்னொரு குறை. ஆகமொத்தம், 'அடித்தளம் அருமை, மேலே கட்ட வேண்டியது நிறைய இருக்கிறது' என்ற தொனியில்தான் பெரும்பாலான விமர்சனங்கள் முடிந்தன.

நிறுவனமும் இந்தக் குறிப்பைப் படித்து, அதன்படியே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் 'முதல் அத்தியாயம்' என்ற பெரிய புதுப்பிப்பு வந்தது. அதை ஒட்டி, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்திலும் விளையாட்டு வெளியானது. 2021 ஏப்ரலில் இரண்டாம் அத்தியாயம் வந்தது. 9 பேருக்கு 9 பேர் மோதும் கிளாஷ், 5 பேருக்கு 5 பேர் மோதும் டொமினியன் என்று புதிய முறைகளும் சேர்ந்தன. விமர்சகர்கள் இல்லை என்று சொன்னவற்றில் பெரும்பகுதி இவ்வாறு வந்து சேர்ந்தது. ஆனால் கூட்டம் கூடவில்லை, இருந்த கூட்டமும் கரைந்துகொண்டே போனது.

ஏன் என்பதற்கான விடை, எனக்குத் தெரிந்தவரை, விளையாட்டின் மிகச் சிறந்த அம்சத்துக்குள்ளேயே இருந்தது. ஸ்பெல்பிரேக்கில் மந்திரம் வீசுவதற்கும் வானில் மிதப்பதற்கும் 'மானா' என்ற ஒரே ஆற்றல்தான் செலவாகும். உயர எழும்பி மிதந்தபடி தாக்கினால் எதிரியின் குறிக்குத் தப்பலாம், ஆனால் அந்த மிதப்புக்குச் செலவான மானா அடுத்த அடிக்கு இருக்காது. எப்போது மிதப்பது, எப்போது தரையில் ஓடுவது, எத்தனை அடிக்குப் பிறகு ஒதுங்கி மூச்சு வாங்குவது என்ற கணக்கு விரலோடு ஒட்டிக்கொள்ள மாதங்கள் ஆகும். மந்திரங்களில் பலவும் தோட்டாவைப் போலக் கண்ணிமைக்கும் நேரத்தில் சென்று படாது. காற்றில் பறந்து போய்ச் சேர நேரம் எடுக்கும் என்பதால், எதிரி நிற்கும் இடத்தைப் பார்த்து எறியாமல் அவர் வரப்போகும் இடத்தைக் கணித்து எறிய வேண்டும். இதற்கு மேல் ஒவ்வொருவரிடமும் பறத்தல், இடம்விட்டு இடம் தாவுதல், கண்ணுக்கு மறைதல் போன்ற தனித்திறன் ஒன்றைத் தரும் 'ரூன்' இருக்கும். நன்கு ஆடத் தெரிந்தவர் தோற்கப்போகும் சண்டையிலிருந்து அந்த ரூனைக் கொண்டு நழுவி, உடல்நலத்தைச் சரிசெய்துகொண்டு, வேறு திசையிலிருந்து மீண்டும் வருவார்.

இங்கேதான் பப்ஜியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பப்ஜியில் ஒன்றுமே தெரியாத புதியவரும் புல்லுக்குள் படுத்துக் கிடந்து, எதிர்பாராமல் அருகில் வந்த கைதேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரைச் சுட்டு வீழ்த்திவிடலாம். அந்த ஒரு வெற்றி போதும், அவர் மறுநாளும் வருவார். எங்கள் ஊர்ப் பையன்கள் பாதி இரவு வரை அந்த ஒரு சூட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். ஸ்பெல்பிரேக்கில் அந்த அதிர்ஷ்டத்துக்கு இடமேயில்லை. ஒருவரை வீழ்த்தப் பல அடிகள் பட வேண்டும். முதல் அடி பட்டதுமே அனுபவசாலி விழித்துக்கொண்டு மேலே எழும்பிவிடுவார். அதற்குப் பிறகு புதியவரின் கதி முடிந்த மாதிரிதான்.

புதியவர்கள் புதியவர்களோடு மட்டும் மோதியிருந்தால் இது பெரிய சிக்கலாகியிருக்காது. ஆனால் இந்த விளையாட்டு வெளியீட்டுக்கு முன்பே நீண்ட காலம் ஆல்பா, பீட்டா என்ற சோதனை நிலைகளில் ஆடப்பட்டு வந்தது. வெளியான நாளிலேயே கைதேர்ந்த ஒரு கூட்டம் தயாராக இருந்தது. ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை குறையக் குறைய, திறமை வாரியாகப் பிரித்து ஆட்டம் அமைக்க ஆள் கிடைக்காது. காத்திருக்கும் நேரம் நீளும், இல்லையென்றால் கிடைத்தவர்களையெல்லாம் ஒரே களத்தில் இறக்க வேண்டும். எங்கள் பக்கம் ஊர்க் கபடிப் போட்டிகளில் 55 கிலோ, 65 கிலோ என்று எடைப் பிரிவு வைப்பார்கள். அந்தப் பிரிவை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையன்களைப் பெரிய ஆட்டக்காரர்களோடு இறக்கினால், அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியிலிருந்து அணியே வராது. ஸ்பெல்பிரேக்கின் புதியவர்களுக்கும் அதுதான் நேர்ந்தது. அவர்கள் போகப் போக, மிஞ்சியவர்களின் சராசரித் திறமை இன்னும் உயர்ந்தது. அடுத்து வந்த புதியவருக்கு நிலைமை முன்னைவிட மோசமானது. இந்தச் சுழலைப் புதிய அத்தியாயமோ புதிய நிலப்பகுதியோ நிறுத்த முடியாது.

விமர்சகர்கள் இதைக் காணாததற்குக் காரணம் அவர்களுடைய அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. விமர்சனம் எழுதப்படும் காலம்தான் காரணம். வெளியான முதல் ஓரிரு வாரங்களில் களம் நிறைந்திருந்தது. அனுபவசாலிகள் இருந்தாலும், இலவசம் என்று கேட்டு வந்த பெருங்கூட்டத்துக்குள் அவர்கள் கரைந்திருந்தார்கள். விமர்சகர் மோதிய பத்துப் பேரில் எட்டுப் பேர் அவரைப் போலவே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த நிலையில் அவருக்குக் கிடைத்த இன்பம் உண்மையானது. 'சில நாட்களில் அலுக்கிறது' என்ற குறையும் உண்மையானது. நான்கு மாதம் கழித்து அதே களத்தில் இறங்கும் ஒருவருக்கு எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டி எழுத அவரிடம் சான்று எதுவும் இருந்திருக்காது.

மதிப்பெண் தொகுக்கும் முறையும் இதற்குத் துணை போகிறது. பல இதழ்களின் விமர்சன மதிப்பெண்களைத் தொகுத்துக் காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஒரு விளையாட்டுக்குக் கூட்டு மதிப்பெண் வரக் குறைந்தது 4 விமர்சனங்கள் வேண்டும். அப்போது ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பக்கம் இருந்தது. ஸ்பெல்பிரேக் போல ஒரே நாளில் பல கருவிகளில் வெளியாகும் இலவச விளையாட்டுக்கு ஏற்கெனவே குறைவாக வரும் விமர்சனங்கள் அந்தப் பக்கங்களுக்குள் சிதறிவிடும் நிலை இருந்தது. எந்த இதழுக்கு எவ்வளவு எடை என்பதை அந்தத் தளம் வெளியில் சொல்வதில்லை. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, ஓர் இதழ் முதலில் கொடுத்த மதிப்பெண்ணைத்தான் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். பிறகு மறுவிமர்சனம் எழுதி எண்ணை மாற்றினாலும் அங்கே பழைய எண்ணே நிற்கும். ஒருமுறை வெளியாகி அப்படியே இருக்கும் விளையாட்டுக்கு இது பொருந்தலாம். வாரந்தோறும் மாறிக்கொண்டிருக்கும், கூட்டத்தை நம்பியே உயிர்வாழும் இணைய விளையாட்டுக்கு இது பொருந்துமா என்பதில் எனக்குப் பெரிய ஐயம் உண்டு.

ஸ்டீம் தளத்தின் முறை இந்த ஒரு விஷயத்தில் மேலானது. எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்பது அங்கே ஒவ்வொரு கருத்துக்கும் அருகில் தெரியும். மொத்தக் கருத்துகளின் போக்கும், அண்மைய கருத்துகளின் போக்கும் தனித்தனியே காட்டப்படும். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடியவர் 'இதைவிடச் சிறந்த சண்டை வேறெங்கும் இல்லை' என்று எழுதியிருப்பார். ஒரு மணி நேரம்கூட ஆடாதவர் 'என்னை அடித்தது யார் என்றே தெரியவில்லை' என்று எழுதியிருப்பார். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அடுத்தடுத்து அந்த இரண்டையும் படிக்கும் ஒருவருக்கு, தொழில்முறை விமர்சனங்கள் எல்லாவற்றையும் படித்தாலும் கிடைக்காத ஒரு படம் கிடைத்துவிடும். ஆனால் ஸ்பெல்பிரேக் அங்கே வந்தது மூன்று மாதம் கழித்துத்தான். முதல் கூட்டம் ஏறக்குறைய கலைந்த பிறகு.

இது ஸ்பெல்பிரேக்குக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு, 2020 ஆகஸ்ட் 11 அன்று, யூபிசாஃப்ட் என்ற பெரிய நிறுவனம் ஹைப்பர் ஸ்கேப் என்ற பேட்டில் ராயலை வெளியிட்டது. பணபலம், விளம்பரம் எல்லாம் இருந்தும் 2022 ஏப்ரல் 28 அன்று அதை மூட வேண்டியிருந்தது. அதனோடு ஒப்பிட்டால், 2012இல் தொடங்கப்பட்ட ஒரு சிறு நிறுவனம் தன் விளையாட்டை அதைவிடக் கூடுதல் காலம் உயிரோடு வைத்திருந்தது பாராட்டுக்குரியது. 2022 ஜூன் மாதம் ஸ்பெல்பிரேக்கின் மேம்பாட்டை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. அதே நாட்களில் புரோலிடேரியட்டை பிளிஸார்ட் நிறுவனம் வாங்குவதாகவும், அங்குள்ளவர்கள் அதன் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டின் பணிக்குச் செல்வதாகவும் செய்தி வந்தது. சண்டை முறையை அவ்வளவு நுட்பமாக வடிவமைத்தவர்களை ஒரு பெரிய நிறுவனம் தேடிப் பிடித்துக்கொண்டது என்பது, விமர்சகர்களின் பாராட்டு வீண்போகவில்லை என்பதற்கு ஒரு சான்று என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டை நேசித்தவர்களுக்கு அதில் ஆறுதல் எதுவும் இல்லை. 2023 ஜனவரி 10 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன.

நிறுத்துவதற்கு முன் அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தைக் குறிப்பிட வேண்டும். ஆட்டக்காரர்கள் தாங்களே சர்வர் அமைத்துக்கொண்டு ஆடும்படி, விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சமூகப் பதிப்பை இலவசமாக விட்டுச் சென்றார்கள். மூடப்பட்ட இணைய விளையாட்டுகள் பெரும்பாலும் சுவடில்லாமல் போகும் தொழிலில் இது அபூர்வம். மேலே சொன்ன அக்கா மகனும் அவனுடைய விடுதி நண்பர்களும் அந்தப் பதிப்பைத்தான் இப்போது ஆடுகிறார்கள். அயல்நாட்டு சர்வர் இல்லை என்பதால் பிங் என்கிற இணையத் தாமதத் தொல்லையும் இல்லை. நான் ஆடிய நாட்களில் எறிந்த கோளம் எதிரியின் மேல் பட்டதாக என் திரையில் தெரிந்தும் அவருக்கு ஒன்றும் ஆகாமல் போன எரிச்சலை அவர்கள் அறியவே மாட்டார்கள்.

அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கற்கத் தொடங்கியவர்கள். அவர்களை விரட்டி அடிக்க 2018 முதல் பழகிய கூட்டம் எதுவும் அந்த விடுதியில் இல்லை. வாரத்துக்கு ஓரிரு இரவு மட்டுமே ஆடுகிறார்கள் என்பதால், ஆட்ட முறை குறைவு, நிலப்பரப்பு வெறிச்சோடிக் கிடக்கிறது என்ற குறைகள் அவர்களை உறுத்தவில்லை. ஆகவே 2020 செப்டம்பர் விமர்சனங்களில் உள்ள பாராட்டு, அந்த விளையாட்டு இணையத்தில் நடந்துகொண்டிருந்த கடைசி ஆண்டைவிட, இந்த விடுதி அறைக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது. இனிமேல் நிறுவனத்திடமிருந்து மந்திரங்களின் பலத்தைச் சமன்செய்யும் திருத்தம் எதுவும் வரப்போவதில்லை என்பதால் தங்களுக்குள் விதிகளையும் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள்: ஓர் அணியில் இருவர் ஒருசேர மறையும் ரூனை வைத்துக்கொள்ளக் கூடாது, முந்தைய ஆட்டத்தில் வென்றவர் அடுத்த ஆட்டத்தில் வேறு கையுறையோடுதான் இறங்க வேண்டும். இரண்டாவது விதியைக் கேட்டபோது, இதை மட்டும் அந்த நிறுவனம் செய்திருக்க வழியிருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களிடம் அப்படியொரு விதியைப் போட்டிருந்தால், விளையாட்டை உண்மையாக நேசித்த அந்தப் பழைய கூட்டம் முதல் வாரத்திலேயே சண்டைக்கு வந்திருக்கும்.